முதலில் பிடிபட்டவை

அந்தக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் கொக்கியைத் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கும். அங்கே போய்த் தேடினால்தான் உண்டு. முனை வளைந்த நீளக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடுகிற ஆட்டின் பின்னங்காலில் சட்டென்று மாட்டி நிறுத்துகிறவர் அவர். கம்பியின் பெயரே ஆளுக்கு வந்துவிட்டது. டாக்டர்களுக்கு 'ஏம்ப்பா கொக்கி', கூட வேலை பார்க்கிறவர்களுக்கு 'கொக்கிண்ணே'. கட்டிய மனைவிகூடக் கோபம் வந்தால், "போதும் கொக்கி, ரொம்ப இழுக்காதீங்க" என்பாள்.

முப்பத்துநாலு வருஷம் ஒரே வேலை. ஆடு வந்து இறங்கும்; பிடிப்பார், எடை போடுவார், காதில் எண் வில்லையைக் குத்துவார், பட்டியில் அடைப்பார். மறுபடி பிடிப்பார், டாக்டர் ரத்தம் எடுக்கும்வரை காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நிற்பார். இதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

"டாக்டருங்க படிச்சவங்க, இல்லேங்கல. ஆனா ஆட்டை யாரு பிடிக்கிறது? ஊசி போட்டுக்க வரிசையில வந்து நிக்க அது என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்று யாரிடம் பேசினாலும் ஒரு தடவை சொல்லிவிடுவார். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துப் போயிருந்தது. சொல்வது நியாயம்தானே என்று யாரும் மறுத்ததும் இல்லை.

அந்தப் பெருமைக்கெல்லாம் பெரிய பெருமை, வீட்டின் முன்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு படம். நிலையத்தின் இயக்குநரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். நடுவில் அவர் நிற்கிறார், இரண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டுகள், ஓரத்தில் கம்பியோடு நம்ம ஆள். நீர்க்கட்டி மாத்திரை கண்டுபிடித்தபோது எடுத்த படம் அது.

நீர்க்கட்டி என்பது ஆட்டின் ஈரலில் வளர்கிற ஒரு பாழாய்ப்போன நோய். நாயின் வயிற்றுப் புழுவிலிருந்து ஆட்டுக்கு வரும், மனிதர்களையும் விடாது. உள்ளே ஒரு கட்டி, கட்டிக்குள் தண்ணீர், வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். பெரிய டாக்டர் அதைக் கரைக்க ஒரு மாத்திரை வைத்திருந்தார். நோய் கண்ட மந்தைகளிலிருந்து நாற்பது ஆடு வண்டியில் வந்தது. நிலையத்தில் பட்டி இரண்டு. ஒன்று வாசல் பக்கம், இன்னொன்று உள்ளே, மருந்தறையை ஒட்டி.

"இருபது இங்க, இருபது அங்க. நீயா பார்த்துப் பொறுக்காதே. கைக்கு வந்தபடி பிடிச்சு விடுப்பா" என்றார் பெரிய டாக்டர்.

கொக்கி அப்படியே செய்தார். ஆண்டவன் சத்தியமாக ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை. வாசல் பட்டி நிரம்பியதும் உள் பட்டியின் கதவைத் திறந்தார். மருந்தறை பக்கத்தில் இருந்ததால் உள் பட்டிக்கு மாத்திரை, வாசல் பட்டிக்கு ஒன்றும் கிடையாது. நாலு மாதம் கழித்து இரண்டு பட்டியையும் அறுத்து, ஈரலைக் கீறிக் கட்டிகளை எண்ணினார்கள். வாசல் பட்டியின் ஈரல்கள் கட்டி கட்டியாக இருந்தன. உள் பட்டி ஈரல்களோ, அட, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அவ்வளவு சுத்தம்! மறு வருஷமும் செய்தார்கள், அதற்கடுத்த வருஷமும் செய்தார்கள். மூன்று தடவையும் அச்சு அசலாக அதே முடிவு. பெரிய டாக்டரின் கட்டுரை பல நாடுகளுக்குப் போயிற்று. அதில் 'ஆடுகள் எவ்விதப் பாகுபாடுமின்றி இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன' என்று ஒரு வரி உண்டு. அந்த வரிக்குப் பின்னால் இருந்தது கொக்கியின் வலது கை.

இனி அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலையத்துக்கு எதிர்ச் சாரியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. டாக்டர்களின் கோட்டுகளுக்கு இஸ்திரிப் பெட்டி போடுவாள். நறுக்கென்று பேசுகிறவள், வாயைக் கொடுத்தால் மீள முடியாது. பிள்ளைகள் இல்லை. சாயந்திரம் இரண்டு பேரும் வீடு திரும்பியதும் டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அவர் ஆட்டுக் கதை சொல்வார், அவள் கோட்டுக் கதை சொல்வாள். எந்த டாக்டரின் பையில் மிட்டாய்க் காகிதம் இருந்தது, எவருடைய கழுத்துப்பட்டையில் எவளுடைய பொட்டுச் சாயம் என்று அவளுக்கு அத்துப்படி. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் உண்மையாகவே வலித்தது. வலது விலாவுக்குக் கீழே. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலில் எலுமிச்சை அளவு நீர்க்கட்டி. நாயிலிருந்து வந்ததா, இவர் துணியில் ஒட்டிவந்த பட்டித் தூசியைத் துவைக்கும்போது வந்ததா, யாருக்குத் தெரியும்? இருபது வருஷத்துக்கு முன்னால்கூடத் தொற்றியிருக்கலாம் என்றார் அறுவை டாக்டர். உடனே எடுத்துவிடலாம் என்று வியாழக்கிழமை நாளும் குறித்தார்.

"ஆபத்து ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று கொக்கி கேட்டார்.

"ஆபத்தே இல்லைன்னு எந்த ஆபரேஷனையும் சொல்ல முடியாதுங்க. நூறு பேருக்குப் பண்ணினா அஞ்சு பேருக்கு மேஜையிலேயே ஏதாவது ஆகலாம்."

நூறு கொக்கியின் காதில் விழவே இல்லை, அந்த ஐந்துதான் விழுந்தது. வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "ஏங்க, தொண்ணூத்தஞ்சு பேரு எழுந்து வீட்டுக்குப் போறாங்கல்ல? நான் என்ன பாவம் பண்ணினேன், அந்த அஞ்சுல போய் நிக்க?"

"நீ சும்மா இரு. வயித்தைக் கிழிக்கிறதுன்னா விளையாட்டா? நம்ம மாத்திரை இருக்கு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன், ஈரல் அப்படியே பளிச்சுனு இருந்துச்சு."

அன்றைக்கே ஓடிப்போய்ப் பெரிய டாக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ஆட்டில் கண்ட முடிவை நம்பி அந்த மாத்திரையை எதிர் ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்த சமயம் அது. நம்ம கொக்கி சம்சாரம் என்று பெரிய டாக்டரும் உடனே அவளைச் சேர்த்துவிட்டார். வியாழக்கிழமை ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது கொக்கிதான். அவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு விழுங்கத் தொடங்கினாள்.

அந்த மாத்திரை சாமானியப்பட்டது இல்லை. காலையில் விழுங்கினால் மத்தியானம்வரை குமட்டல். தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. பெட்டியைத் தூக்கத் தெம்பில்லாமல் வேலையை விட்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கரையவில்லை, வளர்ந்தது. "சிலருக்கு மெதுவாத்தான் கேட்கும்" என்றார் பெரிய டாக்டர். மூன்றாவது ஸ்கேனைப் பார்த்துவிட்டு அறுவை டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கட்டி போய்ப் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது, இனிமேல் கத்தி வைக்க முடியாது என்றார். கொக்கி அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. மருந்து உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, பொறுமை வேண்டும் என்று அவளுக்கும் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார். மூன்று தடவை தன் கண்ணால் பார்த்தவர், பாவம், வேறு எதை நம்புவார்?

இந்த நேரத்தில்தான் நிலையத்துக்குப் புள்ளிவிவரம் பார்க்க ஒரு பெண் வந்தாள். நாற்பதை நெருங்கிய வயது, மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு பென்சில். எல்லோரும் கணக்கு மேடம் என்றார்கள். மாத்திரையை வாங்க நினைத்த வெளிநாட்டுக்காரர்கள், நாற்பது ஆடு போதாது, இருநூறு ஆட்டில் மறுபடி செய்து காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சோதனைக்குத் திட்டம் போட்டவள் அவள்தான். எந்த ஆடு எந்தப் பட்டிக்கு என்று கணினியில் குலுக்கிப் போட்டு எடுத்த ஒரு பட்டியலைக் கொண்டுவந்து கொக்கியின் கையில் கொடுத்தாள்.

கொக்கிக்கு வந்ததே கோபம்! "மேடம், முதல்ல எழுபத்திமூணைப் பிடிங்கன்னு போட்டிருக்கு. அது கிடா. அந்த மூலையில நிக்குது. நடுவுல நூத்தித் தொண்ணூத்தொன்பது ஆடு நிக்குது. நான் பறந்து போகவா?"

"எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லண்ணே. பட்டியல்ல இருக்கிறபடிதான் போகணும்."

இரண்டு நாள் ஆயிற்று. கிடா ஒன்று முட்டி, கொக்கி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தார். அன்று சாயந்திரம் மனைவியிடம் கணக்கு மேடத்தைப் போல மூக்கு நுனியில் கண்ணாடி மாட்டி நடித்துக் காட்டினார். அவள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சோதனை முடிந்து ஈரல்களைக் கீறியபோது இரண்டு பட்டியிலும் ஒரே மாதிரிதான் கட்டிகள் இருந்தன. பெரிய டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. இந்தத் தடவை வந்த மருந்து கெட்டுப்போன மருந்து என்று அறிக்கை எழுதச் சொன்னார். கொக்கியும் அதைத்தான் நம்பினார். அவருக்கு அதை நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது.

கணக்கு மேடம் நம்பவில்லை. பழைய மூன்று சோதனைகளின் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்தாள். பிறகு ஒரு முற்பகலில் கொக்கியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கூரைவரை காகிதக் கட்டுகள். முப்பத்துநாலு வருஷத்தில் எந்த டாக்டரும் கொக்கியை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசியதில்லை. அவள் உட்காரச் சொன்னாள்.

"அண்ணே, அந்தப் பழைய மூணு சோதனையிலயும் ஆடு பிடிச்சது நீங்கதானே? எப்படிப் பிடிச்சீங்க? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க."

கொக்கிக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைசியில் ஒருத்தர் கேட்டுவிட்டார்! தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கைக்கு வந்தபடி பிடிக்கணும்னு பெரிய டாக்டர் உத்தரவு மேடம். அப்படியேதான் பிடிச்சேன்."

"சரி. முதல்ல எது கைக்கு வரும்?"

"இது என்ன கேள்வி? மெலிஞ்சது, நொண்டுறது, மூச்சு வாங்குறது, அதுங்கதானே ஓட முடியாம நிக்கும்? அதுங்களை முதல்ல எடுத்துடணும் மேடம். இல்லேன்னா மத்ததுங்க பயந்து ஓடுறப்போ முட்டித் தள்ளி மிதிச்சுடும். என் கையில மிதிபட்டுச் செத்த ஆடு இந்த முப்பத்துநாலு வருஷத்துல ஒண்ணு கிடையாது. யாரை வேணா கேட்டுப் பாருங்க. வாட்டசாட்டமா இருக்கிறதெல்லாம் கடைசியிலதான் மாட்டும்."

பென்சில் நின்றுவிட்டது. "முதல் இருபது எந்தப் பட்டிக்கு?"

"வாசல் பட்டிக்கு. அது நிரம்பினாத்தானே உள் பட்டிக் கதவைத் திறப்போம்."

"மூணு தடவையும்?"

"எப்பவும் அப்படித்தான் மேடம்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கொக்கி இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். அவள் ஒரு நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவருடைய கையெழுத்தில் எழுதிய எடைகள்.

"இது மாத்திரை கொடுக்கிறதுக்கு முந்தின நாள் போட்ட எடைண்ணே. வாசல் பட்டி ஆடு ஒவ்வொண்ணும் சராசரியா மூணு கிலோ கம்மி. ஒரு தடவைன்னா தற்செயல்னு விட்டுடுவேன். மூணு தடவையும் அதே பட்டிதான் கம்மி. ஏன்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன். இப்போ நீங்க சொல்லிட்டீங்க."

"என்ன சொல்லிட்டேன்?"

"கட்டி நிறைய இருந்த ஆடுதான் மெலிஞ்சிருக்கும். அதெல்லாம் வாசல் பட்டிக்குப் போயிடுச்சு. நல்ல ஈரல் உள்ளதெல்லாம் உள் பட்டிக்கு. நல்ல பட்டிக்கு மாத்திரை கொடுத்துட்டு, ஈரல் சுத்தமாயிடுச்சுன்னு எழுதியிருக்காங்க. அது முன்னாடியே சுத்தமாத்தான் இருந்துச்சுண்ணே. கெட்டுப்போன மருந்து ஒண்ணும் இல்ல. இருநூறு ஆட்டுல வந்ததுதான் சரியான முடிவு."

கொக்கி முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ மாத்திரை?"

"வேலை செய்யலண்ணே."

"மனுஷங்களுக்கு?"

"ஆட்டை நம்பித்தானே மனுஷங்களுக்குக் கொடுக்கறாங்க? முப்பத்தோரு பேர் சாப்பிடுறாங்க. மாத்திரை இல்லாம இருக்கிற ஆளுங்களோட ஒப்பிட்டுப் பார்க்கவாவது ஏற்பாடு பண்ணினாங்களா? அதுவும் இல்ல."

"அந்த முப்பத்தோரு பேர்ல ஒண்ணு என் பொண்டாட்டி, மேடம்."

கணக்கு மேடத்துக்கு இது தெரியாது. ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குடிக்கவில்லை. கணக்கெல்லாம் அவருக்கு நிமிஷத்தில் புரிந்துவிட்டது, புரியாமல் இருந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். தானே பிடித்து, தானே பிரித்து, தானே ஈரலைப் பார்த்து, தானே நம்பி, தன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

எனக்கு வயிறு எரிகிறது. யாரைத் திட்டுவது, சொல்லுங்கள். கைக்கு வந்தபடி என்றால் குலுக்கல் மாதிரிதான் என்று பெரிய டாக்டர் நினைத்தார். கைக்கென்று ஒரு புத்தி இருக்கிறது, அது நோஞ்சானைத்தான் முதலில் தேடிப் போகும் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாற்பது துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி ஒரு வாளியில் போட்டுக் குலுக்கியிருந்தால் போதும். ஐந்து நிமிஷ வேலை. இந்த மனுஷனோ, நோயாளி ஆடு மிதிபடக் கூடாதே என்று இரக்கப்பட்டவர். அவரை என்னவென்று திட்டுவது?

"இப்போ சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களாண்ணே? அந்த முப்பத்தோரு பேர்ல ஆபரேஷன் பண்ணக்கூடிய நிலைமையில இன்னும் சில பேர் இருப்பாங்க" என்றாள் மேடம்.

கொக்கி எழுதினார். எழுதி எழுதி அடித்ததில் இரண்டு காகிதம் வீணாயிற்று. மூன்றாவதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கம்பியைச் சுவரோரம் சாய்த்து வைத்தபடியே மறந்து வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கீழே வாளி. என்ன இந்த நேரத்துக்கு என்று கேட்டாள். அவர் எதையும் மறைக்கவில்லை. அவள் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நோஞ்சானை முதல்ல பிடிப்பேன்னு எங்கிட்டயே நூறு தடவை சொல்லியிருக்கீங்களே. அது டாக்டருங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"அவங்க கேக்கல. நானும் சொல்லல."

பிறகு, "அப்போ நாளையிலேருந்து நான் இதை முழுங்க வேண்டாம்" என்றாள். "முழுங்க வேண்டாம்" என்றார். "அப்பாடா!" என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லில் கொக்கி நொறுங்கிப் போனார். இரண்டு வருஷமாக அவருக்காகத்தான் அவள் அந்த எழவை விழுங்கிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கையெழுத்துப் போட்ட காகிதம் மேலே போயிற்று. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. 'பட்டி ஊழியர் ஒருவரின் நினைவை மட்டும் ஆதாரமாகக் கொண்டு மூன்று ஆய்வுகளின் முடிவை மறுக்க இயலாது' என்று அதன் ஓரத்தில் எழுதியிருந்தது. எடைக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கணக்கு மேடம் கத்தினாள், கெஞ்சினாள், பிறகு இன்னும் மேலே எழுதினாள். பெரிய டாக்டர் நடைக்கூடத்தில் கொக்கியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர் ஆஸ்பத்திரியின் மருந்துச் சாளரத்தில் மாத்திரையை அவர்கள் பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. மாத்திரையை நிறுத்திய பத்தாம் நாள் அவளுக்குக் குமட்டல் நின்றது. பசித்தது. இரண்டு முட்டை, ரொட்டி, ஒரு தம்ளர் பால் என்று சாப்பிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. தலையில் பொசுபொசுவென்று முடி முளைத்தது. ஒரு மாதத்தில் தானே கடைக்குப் போய்வந்தாள். சலவைக்கூடத்துக்குப் போய் ஊர்வம்பெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். "மருந்து கேட்டுடுச்சு பாரு! பொறுமையா இருந்தா எல்லாம் சரியாகும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு யார் எதைப் புரியவைப்பது?

கொக்கி ஒரு காரியம் செய்தார். வேலை முடிந்து தினமும் அந்த மருந்துச் சாளரத்துக்கு எதிரே போய் நின்றார். வரிசையில் ஒரு தச்சர் வருவார், ஈரலில் சின்னக் கட்டி, ஆபரேஷனுக்குக் குறித்த நாளைத் தள்ளிப் போட்டிருந்தார். அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இது வேலை செய்யாது, இப்பவே போய் வெட்டி எடுத்துடுங்க, நான்தான் அந்த ஆட்டையெல்லாம் பிடிச்சவன்" என்று ஆதியோடந்தமாகச் சொன்னார். தச்சர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏங்க, சலவைக்கூடத்துல பெட்டி போட்டுக்கிட்டு இருந்தாங்களே, அது உங்க வீட்டம்மாதானே?"

"ஆமா."

"நேத்துப் பார்த்தேனே, எவ்வளவு தெளிவா இருக்காங்க! போன வருஷம் நடக்க முடியாம இருந்தாங்க. நீங்க வாங்கிக் கொடுத்துக் குணமாக்கிட்டு, எங்களை வேண்டாம்னா என்ன நியாயம்?"

"அவ மாத்திரையை நிறுத்திட்டா. அதனாலதான்..."

"சும்மா இருங்க அண்ணாச்சி. கண்ணால பார்க்கிறது பொய்யா?"

அதே வார்த்தையைத்தான் கொக்கியும் ஒரு காலத்தில் சொன்னார். தச்சர் மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மறுநாளும் கொக்கி போனார். காவலாளி, இங்கே வந்து ஜனங்களைக் குழப்பாதீர்கள் என்று வெளியே அனுப்பிவிட்டான்.

அடுத்த ஸ்கேனுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். அவள் தலைவாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் இருந்த தெளிச்சியைப் பார்த்ததும், வெட்கக்கேடு, கொக்கிக்கே உள்ளுக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. ஒருவேளை கணக்கு மேடம் சொன்னது தப்பாக இருந்தால்? அறுவை டாக்டர் திரையைப் பார்த்தார். அளந்தார். மறுபடி அளந்தார். கட்டி முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. இனி எவ்வளவு நாள் என்று அவளே நேராகக் கேட்டாள்.

"உங்க ஒருத்தரைப் பத்தி அப்படிச் சொல்ல முடியாதும்மா. இந்த நிலைமையில இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் ஒரு வருஷம் தாண்டுறதில்ல" என்றார் அவர்.

திரும்பும்போது பேருந்தில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல வெயில். கொக்கி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் இடம் காலியாகி அவளருகே உட்கார்ந்தார். ஏதாவது பேச வேண்டும் என்று, "பாதிப் பேர்னா, மீதிப் பாதியும் இருக்குல்ல" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று.

"அந்த வியாழக்கிழமைக்கு நான் பையெல்லாம் கட்டி வச்சிருந்தேன். ரெண்டு நைட்டி, துண்டு, சோப்பு டப்பா. கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன். நீங்கதான் எடுத்துப் பிரிச்சு, ஒவ்வொண்ணா அலமாரியில திரும்ப அடுக்கினீங்க" என்றாள்.

"ஆமா" என்றார் கொக்கி.

"எனக்குப் பயமே இல்லீங்க. உங்களுக்குத்தான் பயம். அது உங்க பயம்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் சரின்னு சொன்னேன் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவள் முன்கம்பியைப் பிடித்து எழுந்தாள். கொக்கியால் எழ முடியவில்லை. வண்டி கிளம்பப் போகிறது என்று நடத்துனர் சத்தம் போட்டார். அவள்தான் குனிந்து, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள்.